ஊரின் சம்மதம் வந்த பிறகே

ஒட்டாவா
11 பிப்ரவரி 2016

அன்புள்ள ஊலூசி அக்காவுக்கு,

நான்கு முறை போன் செய்தேன். நான்கு முறையும் எலைஜா அண்ணன்தான் எடுத்தார். கடைசி முறை அவருக்குப் பின்னாலிருந்து உன் குரல் கேட்டது: "கடல்ல இருக்கேன்னு சொல்லு." அண்ணனும் அப்படியே சொன்னார். அன்று கிங்கார்விக்கில் புயல், விமானம்கூட இறங்கவில்லை என்று இங்கே செய்தியில் சொன்னார்கள். எந்தக் கடலில் இருந்தாய் அக்கா?

சரி, எழுதுகிறேன். எனக்குப் புதிய வேலை கிடைத்திருக்கிறது. வடக்கே நடக்கும் எல்லா ஆராய்ச்சிகளுக்கும் நாடு முழுமைக்கும் ஒரே கொள்கை எழுதுகிறார்கள். பனி, மீன், மருத்துவம் என எதுவானாலும் அரசுப் பணம் இனி அந்தக் கொள்கைப்படிதான் போகும். அதை எழுதும் குழுவில் ஒன்பது பேர். நம் இனுக்டிடுட் மொழி தெரிந்தவள் நான் ஒருத்திதான். வரைவை நம் மொழிக்குக் கொண்டுவருவதும் என் பொறுப்பு.

மே மாதத்துக்குள் ஆறு ஊர்களில் கூட்டம் நடத்த வேண்டும். கிங்கார்விக் பெயரை நான்தான் கொடுத்தேன். வேட்டைக்காரர் சங்கத்துக்கு நீதான் செயலாளர் என்பதால் முறைப்படி உன்னிடம் கேட்கிறேன். ஒரு நாள் கூட்டம், சாப்பாட்டோடு. நீங்கள் சொல்வதை நான் எழுதிக்கொள்வேன்.

இதைவிட வேறு ஏதோ எழுத வேண்டுமென்று உட்கார்ந்தேன். அது வரவில்லை. தாகாலிக் அண்ணிக்கும் ஈபாவுக்கும் என் அன்பைச் சொல்.

உன் தங்கை,
நீவி


கிங்கார்விக்
2 மார்ச் 2016

நீவிக்கு,

கடலில் இல்லை. வீட்டில்தான் இருந்தேன். உன்னோடு போனில் பேச எனக்கு இஷ்டமில்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

2008 மார்ச்சில் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் நாற்பத்து மூன்று பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் கைக்குழந்தைக்காரிகள், இல்லாவிட்டால் வயிற்றில் பிள்ளை சுமந்தவர்கள். பேராசிரியர் விட்லாக் ஊசியோடு நின்றார். பக்கத்தில் நீ. "ரத்தம் குடுங்க, கையெழுத்துப் போடுங்க, வசந்தத்துல முடிவு வந்துரும்" என்று நீ சொன்னாய். விட்லாக் சொல்லியிருந்தால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். சொன்னது நீ என்பதால் கையை நீட்டினார்கள்.

அதன் பிறகு எட்டு வசந்தம் போய்விட்டது. எங்களுக்கு வந்த முடிவு ஒன்றே ஒன்றுதான், அதுவும் தெற்கத்தி ரேடியோச் செய்தியில். வடக்கத்தித் தாய்மார்களின் ரத்தத்தில் பாதரசம், கடலில் வேட்டையாடும் சீல் இறைச்சி விஷம், தாய்ப்பாலும் அப்படித்தான் என்றார்கள். அப்போது ஈபாவுக்கு நான்கு மாதம். தாகாலிக் அன்றே பாலை நிறுத்தினாள். டப்பாப் பால் அந்தக் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பத்தாம் நாள் விமானத்தில் தூக்கிக்கொண்டு தெற்கு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மூன்று வாரம் அங்கே கிடந்தாள். நீ அப்போது பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய்.

வாயால் சொன்ன வார்த்தை என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆகவே இனி நீ எனக்கு என்ன சொன்னாலும் காகிதத்தில் சொல்.

கூட்டம் பற்றிக் கேட்டாய். சங்கம் போன வாரம் கூடி முடிவு செய்துவிட்டது. எங்கள் பெண்களின் ரத்தம் எங்கே இருக்கிறது, அதில் என்ன கண்டார்கள் என்று தெரியும்வரை எந்த ஆராய்ச்சிக்கும் அனுமதி இல்லை. கை தூக்காதவர் ஒருவரும் இல்லை.

அதற்கு அடுத்த நாளே ஒருவர் பதினொரு பெட்டியோடு வந்து இறங்கினார். ஏரிப் பனியைத் துளைக்க வந்தாராம். நம் தலைவர் ஜேப்பிட்டி அவரை உட்காரவைத்து டீ கொடுத்தார்.

"எத்தனை நாள் இருக்கப் போறீங்க?" என்றார்.

"ஆறு வாரம்."

"அவ்வளவு முடியாது. டீ தீர்ற வரைக்கும் இருங்க. ப்ளேன் இன்னும் எஞ்சினை அணைக்கல."

அவர் சிரித்தார், வேடிக்கை என்று நினைத்துக்கொண்டு. பெட்டிகளைத் திரும்ப ஏற்றும்போதுதான் முகம் மாறியது. நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ரொட்டியும் கொடுத்து அனுப்பினோம்.

ஊலூசி


ஒட்டாவா
29 மார்ச் 2016

அக்கா,

நீங்கள் ரொட்டி கொடுத்து அனுப்பிய அந்த மனிதர் எங்கள் குழுவில் ஒருவர். பெயர் ஹென்ஷா. திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் குழுத் தலைவி என்னைக் கேட்டார்: "அது உங்க ஊர்தானே நீவி?" ஆமாம் என்றேன். "உங்க அக்காதான் தடை விதிச்ச கடிதத்துல கையெழுத்துப் போட்டிருக்காங்களாமே?" அதற்கும் ஆமாம் என்றேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2008இல் எனக்கு இருபத்தைந்து வயது. விட்லாக் எனக்குச் சம்பளம் கொடுத்தவர், நான் அவரிடம் மொழிபெயர்க்க வந்தவள். முடிவு ஏன் வரவில்லை என்று மூன்று முறை அவருக்கு எழுதினேன். பதில் இல்லை. நான்காம் முறை ஏன் எழுதவில்லை என்று நீ கேட்பாய். வெட்கம்தான் காரணம். ஈபா ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் வராததும் அதனால்தான், பரீட்சையால் அல்ல. அண்ணியின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

ஆனால் எட்டு வருஷமாக நீ ஒரு வரிகூட எழுதவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா இறந்தபோதுகூட விமான நிலையத்தில் என் பையை எலைஜா அண்ணன்தான் வாங்கினார். நீ எதிரே நின்றுகொண்டு விமானத்தைப் பார்த்தாய். அதையும் நான் காகிதத்திலேயே சொல்கிறேன்.

உங்கள் தடையால் எனக்கு இங்கே நஷ்டம். ஆனாலும் அதை விலக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன். ரத்தம் எங்கே இருக்கிறது என்று நானே கண்டுபிடிக்கிறேன். அன்று கையெழுத்து வாங்கிய காகிதத்தின் நகல் ஊரில் யாரிடமாவது இருக்கிறதா? இங்கே எல்லோரும் தர மறுக்கிறார்கள்.

நீவி


கிங்கார்விக்
20 ஏப்ரல் 2016

நீவிக்கு,

கோபப்படத் தெரிந்திருக்கிறதே, நல்லது. மெதுவாகப் பேசும் நீவியை எனக்கு அடையாளம் தெரியாமல் இருந்தது.

விமான நிலையத்தில் நான் செய்தது தவறு. அன்றே தெரியும்.

காகிதம் தாகாலிக்கிடம் இருந்தது. ஈபாவின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைத்திருந்தாள். ஆறு பக்கம், எல்லாம் ஆங்கிலம். இந்த உறையில் வைத்திருக்கிறேன். கொடுக்கும்போது தாகாலிக் சொன்னாள்: "அன்னிக்கு நீவி இதை எங்களுக்கு ரெண்டே நிமிஷத்துல வாசிச்சுக் காட்டுனா. ஆறு பக்கத்தை ரெண்டு நிமிஷத்துல வாசிக்க முடியுமா அக்கா?"

அதை உன்னிடமே கேட்கிறேன். உனக்குத் தெரிந்திருக்கும்.

பனி இந்த வருஷம் நன்றாக இறுகியிருக்கிறது. எலைஜா நேற்று இரண்டு சீல் கொண்டுவந்தான். வயதானவர்கள் சாப்பிட்டோம். தாகாலிக்கும் ஈபாவும் கடையில் வாங்கிய கோழி சாப்பிட்டார்கள். எட்டு வருஷமாக இப்படித்தான்.

ஊலூசி


ஒட்டாவா
30 மே 2016

அன்புள்ள அக்கா,

ஆறு பக்கத்தை இரண்டு நிமிஷத்தில் வாசிக்க முடியாது. நான் வாசிக்கவில்லை.

நான்காம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: எடுக்கப்படும் ரத்தம் பல்கலைக்கழகத்தின் உடைமை, எதிர்காலத்தில் வேறு ஆய்வுகளுக்கும் பயன்படுத்தப்படலாம். அன்று காலையே அதைப் பார்த்தேன். இதையும் சொல்லட்டுமா என்று விட்லாக்கிடம் கேட்டேன். "எல்லாப் படிவத்திலும் இருக்கிற வரிதானே, விட்டுடுங்க. குழந்தைங்க அழுதுட்டிருக்கு" என்றார். விட்டுவிட்டேன். அவர் சொன்னார் என்பது உண்மை. விட்டவள் நான் என்பதும் உண்மை. அண்ணியிடம் இந்தப் பத்தியை அப்படியே வாசித்துக் காட்டு.

போன வாரம் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு குளிர்பெட்டி. ஒவ்வொரு குழாயிலும் ஊரின் சுருக்கப் பெயரும் ஒரு எண்ணும். எண்ணிப் பார்த்தேன், நாற்பத்து மூன்றும் இருக்கின்றன. விட்லாக் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இப்போது பொறுப்பில் இருக்கும் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "இது எங்க உடைமைன்னு படிவம் சொல்லுதே" என்றாள். நான் படிவத்தை விரித்து, "இந்த வரியை யாரும் அவங்களுக்குச் சொல்லல. சொல்லாதவ நான்தான். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மேலதிகாரிகளிடம் எடுத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இன்னொன்று, இதை உட்கார்ந்து படி. 2008 அக்டோபரில் விட்லாக் தனக்குப் பணம் கொடுத்தவர்களுக்கு ஒரு அறிக்கை எழுதியிருக்கிறார். முறைப்படி விண்ணப்பித்து அதை வாங்கினேன். பாதரசம் அதிகம் இருந்தது சீலின் ஈரலில். இறைச்சியில் கவலைப்படும் அளவுக்கு எதுவும் இல்லை. பிள்ளை பெறப் போகிறவர்கள் ஈரலை மட்டும் தவிர்த்தால் போதும், தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஈரல் மட்டும், அக்கா. ஏழு வருஷமாக அது ஒரு அலமாரியில் இருந்திருக்கிறது. ரேடியோவுக்குப் போனது முதல் பக்கத்தின் பாதி.

எல்லாவற்றையும் நம் மொழியில் மூன்று பக்கமாக எழுதி அனுப்புகிறேன். நம் ஊர் மருத்துவமனை நர்ஸிடமும் காட்டிச் சரிபார்த்துக்கொள். எப்போது, யார், எப்படி ஊருக்குச் சொல்வது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

நீவி


கிங்கார்விக்
19 ஜூன் 2016

அன்புள்ள நீவி,

நர்ஸ் அறிக்கையைப் படித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். முதலில் நாற்பத்து மூன்று பேரில் ஊரில் இருக்கும் முப்பத்தெட்டுப் பேரையும் கூப்பிட்டு அவர்களுக்கு மட்டும் சொன்னோம். அதன் பிறகே ஊர் ரேடியோ. மூன்று பக்கத்தையும் நானே வாசித்தேன். இரண்டு மணி நேரம் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவர் அழுதார். ஒருவர் விட்லாக்கை என்னென்னவோ திட்டினார், இணைப்பைத் துண்டிக்க வேண்டியதாயிற்று. ஜேப்பிட்டி கூப்பிட்டு, "ஈரலை எனக்கு அனுப்புங்க. நான் இனிமே பிள்ளை பெறப் போறதில்ல" என்றார். ஊரே சிரித்தது.

தாகாலிக்கிடம் நீ சொன்ன பத்தியை வாசித்தேன். முழுவதையும் கேட்டாள். பிறகு, "எழுதிட்டாளே" என்றாள். அவ்வளவுதான். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று நீயே யோசி. அன்று சாயங்காலம் சீல் விலா வேகவைத்து ஈபாவுக்கு ஒரு துண்டு கொடுத்தாள். ஈபா முகத்தைச் சுளித்தாள், பிறகு இன்னொரு துண்டு கேட்டாள்.

இனி நான் சொல்ல வேண்டியது. நீ உன் வரியை எழுதினாய், நானும் என் வரியை எழுதுகிறேன். ரேடியோச் செய்தி வந்த அன்று தாகாலிக் பாலை நிறுத்த மாட்டேன் என்றாள். "என் குழந்தை கொழுகொழுன்னுதானே இருக்கா, என்ன விஷம்?" என்று கேட்டாள். நிறுத்து என்று நின்றவள் நான். டப்பாப் பாலைக் கடையிலிருந்து வாங்கி வந்தவளும் நான். ஆஸ்பத்திரி விமானத்தில் ஏறும்போது தாகாலிக் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் எல்லாப் பழியையும் உன் மேல் போட்டேன். நீ தூரத்தில் இருந்தாய், அது எனக்கு வசதியாக இருந்தது. எட்டு வருஷம் பேசாமல் இருந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

சரி, வேலைக்கு வருவோம். நீ பிறகு அனுப்பிய கொள்கை வரைவைப் படித்தேன். பன்னிரண்டாம் பிரிவில் "சமூகங்களுடன் கலந்தாலோசிக்கப்படும்" என்று இருக்கிறது. விட்லாக்கூட எங்களோடு கலந்தாலோசித்தார். கலந்தாலோசித்துவிட்டு ஊசியை எடுத்தார். அங்கே இப்படி எழுது: ஊரின் சம்மதம் வந்த பிறகே பணம். முடிவு முதலில் ஊருக்கு, ஊர் மொழியில்.

முடியாது என்பார்கள். கூட்டம் எப்போது என்று சொல். நானும் தாகாலிக்கும் வருகிறோம்.

ஊலூசி


ஒட்டாவா
8 நவம்பர் 2016

அன்புள்ள அக்கா,

நீங்கள் இருவரும் விமானம் ஏறிய பிறகு வீடு பெரிதாகிவிட்டது. அண்ணி தைத்துக் கொடுத்த கையுறையைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். இங்கே இன்னும் அவ்வளவு குளிர் இல்லை, இருந்தாலும் போட்டுக்கொள்கிறேன்.

கூட்டத்தில் நீ பேசியதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஊர்கள் தடுத்துவிட்டால் உலகத்துக்கே தேவையான பனி அளவுகள் நின்றுபோகும் என்று ஒருவர் சொன்னபோது நீ சொன்னாயே: "நாங்க வேண்டாம்னு சொன்னது ஒரே ஒரு தடவை. ஏன் சொன்னீங்கன்னு இந்த மேஜையில ஒருத்தராவது கேட்டீங்களா?" அதற்குப் பிறகு ஹென்ஷாதான் முதலில் உன் பக்கம் பேசினார் என்பது உனக்குத் தெரியும். நீ போன பின் நடந்தது தெரியாது.

பன்னிரண்டாம் பிரிவில் உன் வாக்கியத்தை ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்து மேலிடத்திலிருந்து திரும்பி வந்தபோது நடுவில் ஒரு வார்த்தை முளைத்திருந்தது. "ஊரின் சம்மதம் இயன்றவரை பெறப்பட்ட பிறகே." அதை இனுக்டிடுட்டில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றேன். "மொழிபெயர்த்துட்டேன். எங்க ஊர்ல இதைக் கேக்கறவங்க காதுல எப்படி விழும்னு வாசிக்கட்டுமா?" என்றேன். தலைவி தலையசைத்தார். வாசித்தேன்: "உங்ககிட்ட கேக்கணும்னு எங்களுக்குத் தோணினா கேப்போம். தோணலேன்னா கேக்க மாட்டோம்."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். பிறகு யாரும் சிரிக்கவில்லை. மேலிடத்து அதிகாரி, "அந்த வார்த்தைக்கு அப்படி அர்த்தம் இல்லையே" என்றார்.

"வேற அர்த்தம் இருந்தா சொல்லுங்க, அதையே எழுதறேன்" என்றேன்.

அவர் வரைவைப் புரட்டினார். இந்த வார்த்தை இருந்தால் மொழிபெயர்ப்பில் என் பெயரைப் போட மாட்டேன், என் பெயர் இல்லாமல் அது எந்த ஊருக்கும் போகாது என்றேன். முன்பு ஒரு வரியை விட்டவள், இந்த முறை ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நேற்று கொள்கை நிறைவேறியது. "இயன்றவரை" இல்லை.

பல்கலைக்கழகமும் எழுதிவிட்டது. ஜனவரியில் நம் பெண்களின் ரத்தத்தைக் குளிர்பெட்டியோடு அனுப்புகிறார்கள். ஒவ்வொரு குழாயையும் என்ன செய்வது என்று அந்தந்தப் பெண்ணே முடிவு செய்யலாம்.

நீவி


கிங்கார்விக்
2 செப்டம்பர் 2017

அன்புள்ள நீவி,

எழுதத் தாமதம். கோடை முழுக்க ஆற்றிலேயே இருந்தோம்.

குழாய்களைப் பற்றிப் போனில் சொன்னேன். (போனில் பேசுவதைத் தொடங்கிவிட்டேன் என்று எலைஜா கேலி செய்கிறான்.) இருபத்தாறு பேர் புதைக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் ஆராய்ச்சிக்கே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், இந்த முறை ஆறு பக்கத்தையும் கேட்டுவிட்டு.

இப்போது புதுச் செய்தி. உங்கள் கொள்கைப்படி ஊரே கேள்வி அனுப்பலாம் அல்லவா? அனுப்பினோம். கொஞ்ச காலமாக ஆற்றில் ஏறும் சார் வகை மீன்கள் மெலிந்து வருகின்றன, சதையும் வெளுத்திருக்கிறது. ஏன் என்று தெரிய வேண்டும். மூன்று விஞ்ஞானிகள் விண்ணப்பித்தார்கள். சங்க அறையில் உட்கார்ந்து நாங்கள் அவர்களைக் கேள்வி கேட்டோம், நீவி. நாங்கள் அவர்களை! ஒருவர் தன் பட்டங்களை அரை மணி நேரம் சொன்னார். இன்னொருவருக்கு மீன் வாடையே ஆகாதாம். மூன்றாவது ஒரு பெண், பெயர் மார்கிட். எங்களைத்தான் அதிகம் கேள்வி கேட்டாள். அவளை எடுத்தோம்.

ஆய்வுக்குத் தலைவி தாகாலிக். மார்கிட் அவளுக்குக் கீழே. ஆற்றின் குறுக்கே வலை வேலி போட்டு, ஏறும் ஒவ்வொரு மீனையும் எண்ணி, அளந்து விட்டார்கள். தாகாலிக் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "வாலைப் பிடிக்காத, செவுளுக்குக் கீழ பிடி!" என்று மார்கிட்டை அதட்டியது கரைவரை கேட்டது. போன வாரம் முதல் கணக்கு முடிந்தது. அதே நாள் ஊர் ரேடியோவில் தாகாலிக்கே சொன்னாள். மீன் குறையவில்லை, ஆனால் போன தலைமுறை வேட்டைக்காரர்கள் சொல்லும் அளவைவிடச் சின்னதாகவும் பத்து நாள் பிந்தியும் வருகிறது, காரணம் இன்னும் தெரியாது என்றாள்.

போன் அடிக்க ஆரம்பித்தது. முதலில் ஜேப்பிட்டி.

"எண்ணினது தப்பு. என் காலத்துல ஆறே தெரியாது, மீன்தான் தெரியும்."

"உங்க காலத்துல யாரு எண்ணுனாங்க?"

"எண்ண வேண்டியதே இல்ல. பாத்தாலே தெரியும்."

அடுத்து கூட்டுறவுக் கடைக்காரி. வேலி போட்ட இடமே சரியில்லை, மீன் வடக்குக் கால்வாயில் ஏறுகிறது என்றாள். இன்னொருவர் எடை போடும் தராசைச் சந்தேகப்பட்டார். மார்கிட் மைக்கைப் பிடித்து, தராசு சரிதான் என்று தனக்குத் தெரிந்த நாற்பது வார்த்தை இனுக்டிடுட்டில் சண்டை போட்டாள். அதில் பாதி வார்த்தை மீனின் உறுப்புகள். யாரும் பயப்படவில்லை. யாரும் சீல் இறைச்சியையோ மீனையோ குப்பையில் கொட்டவில்லை. எங்களுடைய கணக்கு என்பதால் எல்லோருக்கும் அதில் குறை சொல்ல உரிமை இருந்தது.

கடைசியில் தாகாலிக்குக் கோபம் வந்துவிட்டது. "நம்பாதவங்க நாளைக்குக் காலையில பூட்ஸ் போட்டுட்டு வாங்க. வடக்குக் கால்வாயிலயும் வேலி போடுவோம். நீங்களே எண்ணுங்க!"

மறுநாள் ஆற்றங்கரையில் பதினான்கு படகுகள். ஜேப்பிட்டிதான் முதலில் தண்ணீரில் இறங்கினார். அன்று பன்னிரண்டு மீன் என்று மார்கிட் எழுதியதைப் பதின்மூன்று என்று திருத்தச் சொல்லி இந்த நிமிஷம்வரை வாதாடிக்கொண்டிருக்கிறார். அநேகமாக அவர் சொல்வதுதான் சரி.

ஊலூசி